இடது மரை

ஆண்டுதோறும் சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலோடு வீடு திரும்பும்போது எனக்கு ஒரு மோட்டார் சைக்கிள் எஞ்சின் நினைவுக்கு வரும். தவக்காலத்துக்கு ஏற்ற நினைவன்று என்று சிலர் எண்ணலாம். ஆனால் மனந்திரும்புதல் என்ற சொல்லின் பொருள் எனக்கு விளங்கியது, எங்கள் வீட்டு மாட்டுத் தொழுவத்தின் ஓரத்தில் கை முழுதும் எண்ணெய்க் கறையோடு உட்கார்ந்திருந்த நாட்களில்தான். நாற்பது ஆண்டுகளுக்கு முன் நடந்ததை, என் குற்றத்தை மறைக்காமல் இங்கே எழுதுகிறேன்.

1984-ஆம் ஆண்டு. சிவகங்கை மறைமாவட்டம் 1987-இல்தான் உருவாயிற்று. அதுவரை எங்கள் பங்கு மதுரை உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. காளையார்கோவிலுக்குக் கிழக்கே, கண்மாய்களும் கருவேலங்காடுகளுமாய் விரிந்து கிடந்த பங்கு அது. கிளைக் கிராமங்கள் பதினேழு. தார்ச் சாலை இருந்தவை நான்கோ ஐந்தோதான். மற்ற ஊர்களுக்கு வண்டித் தடத்திலும் கண்மாய்க் கரையிலும்தான் போகவேண்டும். நான் பங்குப் பள்ளியில் இளம் ஆசிரியன். பள்ளி நேரம் போகச் சாமியாருக்கு எடுபிடி வேலைகளும் செய்து வந்தேன்.

அந்நாளில் நம் பங்குச் சாமிமார் பலருக்குக் குதிரைபோல் உழைத்தது ‘புல்லட்’ வண்டி. இங்கிலாந்தில் ரெட்டிச் நகரில் பிறந்த ராயல் என்ஃபீல்டு புல்லட், 1955 முதல் சென்னையில் கூட்டப்பட்டது; பின்னர் திருவொற்றியூர் ஆலையிலேயே முழுவதும் செய்யப்பட்டது. இராணுவத்தாரும் காவல் துறையாரும் அதை விரும்பினர். ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின். சிலிண்டரின் உள்விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். ஆக 346 கன சென்டிமீட்டர். வலக்காலில் கியர், இடக்காலில் பிரேக். அதன் ஓசை இரண்டு கண்மாய்களுக்கு அப்பாலும் கேட்கும். அந்த ஓசை கேட்டதும் கிளைக் கிராமங்களில் சிறுவர்கள் கோவில் மணியடிக்க ஓடுவார்கள். பெண்கள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு வருவார்கள்.

சாமியாரின் வண்டி பழையது. பழைய எஞ்சின் எண்ணெய் குடிக்கும். புல்லட்டில் எஞ்சின் உறையின் ஒரு பகுதியே எண்ணெய்த் தொட்டி. இரண்டேகால் லிட்டர் அளவு கொள்ளும். மூடியைத் திருகி எடுத்தால் அதனோடு அளவுகோல் ஒன்று வரும். அதைத் துடைத்து, விட்டு, எடுத்துப் பார்க்க அரை நிமிடம் போதும். “எடுக்கும் முன் எண்ணெய் பார்த்துக்கொள்” என்று சாமியார் ஒவ்வொரு முறையும் சொல்வார். ஒவ்வொரு முறையும் நானும் “சரி சாமி” என்பேன்.

பிப்ரவரி 4 அருளானந்தர் திருநாள். அதற்காக ஓரியூர் போய்வந்த மறு வாரம், ஒரு சனிக்கிழமை, மெழுகுதிரியும் அப்பமும் வாங்கிவரச் சாமியார் என்னைச் சிவகங்கைக்கு அனுப்பினார். எண்ணெய் பார்க்கவில்லை. திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது, வேகமாக வந்தேன். கண்மாய்க் கரை ஏறும்போது எஞ்சினுக்குள்ளிருந்து இரும்பை இரும்பால் தட்டும் ஓசை எழுந்தது. அடுத்த கணம் பின்சக்கரம் பூட்டுப் போட்டதுபோல் நின்று, வண்டி மண்ணில் சறுக்கியது. கிக்கரை மிதித்தேன், அது கல்லைப்போல் அசையாமல் நின்றது. அளவுகோலை அப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். அதில் ஒரு துளி எண்ணெயும் இல்லை.

இதுவரை நடந்தது கவனக்குறைவு. அதற்குப் பின் நான் செய்ததுதான் பாவம். வண்டியைப் புளியமரத்தடியில் தள்ளி நிறுத்திவிட்டு, நடந்தே வீடு போய்ச் சேர்ந்தேன். சாமியாரிடம் போய்ச் சொல்லவில்லை. காலையில் யாரையாவது கூட்டிப்போய் ஓசைப்படாமல் சரிசெய்துவிடலாம் என்று என் மனம் கணக்குப் போட்டது.

அன்றிரவு பதினொரு மணிக்குக் கோவில்பிள்ளை வந்து கதவைத் தட்டினார். பதினான்கு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கடைசிக் கிராமத்தில் ஒரு மூதாட்டி சாகும் தறுவாயில் இருக்கிறார். நோயில்பூசுதலுக்கு ஆள் வந்திருக்கிறது. சாமியார் வண்டி கேட்கிறார். அப்போதுதான் என் வாயிலிருந்து உண்மை வந்தது. சாமியார் ஒரு சொல்லும் சொல்லவில்லை. புனித எண்ணெயையும் நற்கருணைப் பெட்டியையும் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கோவில்பிள்ளையின் சைக்கிளை எடுத்தார். மணலில் பாதி தூரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போயிருக்கிறார். அவர் போய்ச் சேர்ந்தபோது இரவு மணி இரண்டு. மூதாட்டி இறந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது.

அவருடைய மகன் பால் வியாபாரி. அவரிடமும் ஒரு புல்லட் உண்டு; இரு புறமும் பால் கேன்கள் தொங்க, விடியுமுன்னே ஊர் ஊராகப் போவார். அன்றிரவு அவர் தம் வண்டியில் வைத்தியரை அழைத்துவரப் போயிருந்தார். சாமியாரிடம்தான் வண்டி இருக்கிறதே என்ற நம்பிக்கையில், மருமகனைச் சைக்கிளில் பங்குக்கு அனுப்பியிருந்தார்.

இரண்டு நாள் சாமியார் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பள்ளி விட்டதும் கூப்பிட்டார். “கடவுளின் இரக்கம் நம் வண்டியை நம்பி இருப்பதில்லை, தம்பி. அந்தப் பாட்டியை அவர் பார்த்துக்கொள்வார். ஆனால் நம் கடமை வண்டியை நம்பி இருக்கிறது. பட்டறைக்குக் கொடுக்கப் பங்கில் பணமில்லை. உன் வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போ. தெரிந்தவரை நீயே திறந்து பார். தெரியாததைத் தெரிந்தவரிடம் கேள். யாராக இருந்தாலும் கேள்” என்றார். யாராக இருந்தாலும் என்று அவர் ஏன் அழுத்திச் சொன்னார் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

அது மீட்பின் யூபிலி ஆண்டு. நம் மீட்பின் 1950-ஆம் ஆண்டு நினைவாக, திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1983 மார்ச் 25 முதல் 1984 ஏப்ரல் 22 உயிர்ப்பு ஞாயிறு வரை அறிவித்திருந்த புனித ஆண்டு. ஒப்புரவைப் பற்றிக் கோவில்தோறும் பிரசங்கங்கள் நடந்தன. நானும் கேட்டேன். கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, தொழுவத்து ஓரத்தில் பள்ளியின் பழைய பெஞ்சைப் போட்டு, எஞ்சினைத் திறக்கத் தொடங்கினேன்.

எங்கள் சுற்று வட்டாரத்தில் புல்லட் வைத்திருந்தவர்கள் ஐந்தாறு பேர்தாம். புல்லட்காரர்களுக்குள் ஓர் உறவு உண்டு. வழியில் ஒருவர் வண்டி நின்றால் மற்றவர் நிறுத்தாமல் போகமாட்டார். செய்தி கேட்டு முதலில் வந்தவர் ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர். இராணுவத்தில் லாரிகளைப் பழுதுபார்த்தவர். அவர் எஞ்சினைத் தொடுவதற்கு முன் என் அம்மாவிடம் காலிப் பால்மாவு டப்பாக்களைக் கேட்டு வாங்கினார். “ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு டப்பா. கழற்றிய திருகாணியை அட்டையில் படம் வரைந்து அதன் இடத்திலேயே குத்திவை. கூட்டி முடிக்கும்போது எந்த டப்பாவிலும் ஒன்றும் மிஞ்சக்கூடாது. மிஞ்சினால் நீ கூட்டவில்லை, மூடியிருக்கிறாய் என்று பொருள்” என்றார். 

இரண்டாமவர் ஓய்வுபெற்ற தலைமைக் காவலர். முப்பது ஆண்டுகள் புல்லட் ஓட்டியவர். “ஒரு திருகாணிகூடத் திறந்ததில்லை. ஆனால் அதன் குரல் எனக்குத் தெரியும்” என்பார். எஞ்சின் எந்த ஓசையோடு நின்றது என்று என்னைப் பலமுறை சொல்லவைத்துக் கேட்டார். “மேலே பிஸ்டன் மட்டும் பிடித்திருந்தால் கிறீச்சென்று நிற்கும். நீ சொல்கிற தட்டும் ஓசை அடியிலிருந்து வந்தது. பிக் எண்ட் போயிருக்கிறது. பாதியில் விடாதே, முழுவதும் பிரி” என்றார்.

ஹெட்டைக் கழற்றி, சிலிண்டரை மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, மரக்கட்டையால் மெல்லத் தட்டித் தூக்கினோம். பிஸ்டனின் பக்கங்களில் அலுமினியம் உருகி இழுபட்டு, மேலிருந்து கீழாகக் கோடுகள் விழுந்திருந்தன. காவலர் சொன்னது சரிதான். கனெக்டிங் ராடு கிராங்கோடு ஒட்டி நின்றது. அங்கே சுழலும் புஷ்ஷுக்கு எண்ணெய்ப் படலம்தான் ஆதாரம். அது வற்றினால் சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். என் அரை நிமிடச் சோம்பலின் உருவத்தை அங்கே கண்ணால் பார்த்தேன்.

இடப்பக்கத்துச் சங்கிலி, கிளட்ச் எல்லாம் எளிதில் கழன்றன. வலப்பக்கத்து உறையை எடுத்ததும் வேலை நின்றது. கிராங்க் தண்டின் முனையில், எண்ணெய்ப் பம்புகளை ஓட்டும் சுருள் மரை கொண்ட நட்டு ஒன்று உண்டு. அதை எடுத்தால்தான் பல்சக்கரம் வரும். பல்சக்கரம் வந்தால்தான் எஞ்சின் உறையை இரண்டாகப் பிரிக்கலாம். அந்த நட்டு அசையவில்லை. ஸ்பேனரில் இரும்புக் குழாயை மாட்டி என் பலமெல்லாம் கொடுத்தேன். நட்டின் முனைகள் மழுங்கத் தொடங்கின. ஹவில்தார் ஐயா என் கையைப் பிடித்து நிறுத்தினார். “நான் லாரிக்காரன். இதற்கு மேல் எனக்குத் தெரியாது. இந்த எஞ்சினின் உள்ளறிந்தவர் நம் பக்கத்தில் ஒருவர்தான். பால்காரரிடம் போ” என்றார்.

ஒரு வாரம் போகவில்லை. அந்த வாரம் முழுதும் அந்த நட்டோடு மல்லுக்கட்டினேன். சூடேற்றினேன், எண்ணெய் விட்டேன், யாரும் பார்க்காதபோது சுத்தியலாலும் தட்டினேன். என்ன செய்தும் அது கழலவில்லை. சாமியார் சைக்கிளிலேயே கிளைக் கிராமங்களுக்குப் போய்வந்துகொண்டிருந்தார். சிலுவைப்பாதை முடிந்து இருட்டில் அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவதை ஒரு வெள்ளிக்கிழமை பார்த்தேன். மறுநாள் விடியற்காலையில் பால்காரர் வீட்டுக்குப் போனேன்.

அவர் கிணற்றடியில் கேன்களைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் எழவில்லை. “அண்ணே, அன்று வண்டி நின்றது மட்டுமில்லை. நின்றதை நான் சாமியாரிடம் சொல்லாமல் மறைத்தேன். சொல்லியிருந்தால் அவர் வேறு வண்டிக்கு ஏற்பாடு செய்திருப்பார்” என்றேன். அதை ஊரில் அதுவரை யாரிடமும் நான் இப்படி முழுதாகச் சொன்னதில்லை.

அவர் இன்னொரு கேனையும் கழுவி முடித்தார். “அம்மா கடைசிவரை நினைவோடுதான் இருந்தார்கள், வாத்தியார். புல்லட் சத்தம் கேட்கிறதா, கேட்கிறதா என்று இரண்டு தடவை கேட்டார்களாம். நானும் அப்போது வீட்டில் இல்லை. இதை உங்களிடம் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது” என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை. ‘மன்னியுங்கள்’ என்ற சொல்லும் அந்த நேரத்தில் மலிவாகத் தோன்றியது. சற்று நேரம் கழித்து அவரே கேட்டார்: “இப்போது வேலை எந்த இடத்தில் நிற்கிறது?”

சொன்னேன்.

“எந்தப் பக்கம் திருப்பினீர்கள்?”

“எல்லா நட்டையும் கழற்றுகிறதுபோல இடப்பக்கந்தான்.”

“அது இடது மரை. தண்டு சுற்றுகிற வேகத்தில் கழன்றுவிடாமல் இருக்க மரையை எதிராக வெட்டியிருக்கிறார்கள். வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். நீங்கள் இத்தனை நாளும் இறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறீர்கள்.”

அந்தச் சொல் என்னை ஓங்கி அறைந்தது. அவர் நட்டைப் பற்றித்தான் சொன்னார். ஆனால் அந்த இரவு முதல் நான் செய்துவந்தது அதுவே அல்லவா? மறைத்து, ஒதுங்கி, எனக்கு நானே சமாதானம் சொல்லி, என் பலமெல்லாம் கொடுத்து இறுக்கிக்கொண்டே இருந்தேன். திருப்பவேண்டிய பக்கம் வேறு. மனந்திரும்புதல் என்று நாம் சொல்வதில் ‘திரும்புதல்’ என்ற சொல் இருக்கிறது என்பதை அன்றுதான் கவனித்தேன்.

அன்று மாலை அவர் தம் வண்டியில் வந்தார். மழுங்கிய முனைகளை அரத்தால் சற்றே தீட்டி, சரியான சாவியை மாட்டி, எதிர்ப்பக்கம் ஒரே அழுத்து அழுத்தினார். நட்டு கழன்றது. பத்து நாள் வேலை பத்து நொடியில் முடிந்தது.

அதன்பின் அவர் வாரம் இரண்டு முறை வந்தார். கிராங்க் தண்டையும் சிலிண்டரையும் நான் மதுரைக்கு எடுத்துப்போனேன். ஒரு லேத் பட்டறையில் கிராங்குக்குப் புது புஷ் போட்டு, கோணல் பார்த்துக் கொடுத்தார்கள். சிலிண்டரை அரை மில்லிமீட்டர் கூடுதலாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் வாங்கினோம். இதற்கு என் ஒரு மாதச் சம்பளம் போயிற்று. மற்ற வேலையெல்லாம் வீட்டிலேயே நடந்தது.

வால்வுகளை அரைப்பு மாவு தடவி, குச்சியை இரு உள்ளங்கைகளுக்கிடையே வைத்து மத்துக் கடைவதுபோல் உருட்டினோம். பிறகு துளையில் மண்ணெண்ணெய் ஊற்றி, ஒரு சொட்டும் கசியவில்லை என்று கண்ட பின்தான் விட்டார் பால்காரர். பிஸ்டன் வளையத்தைச் சிலிண்டருக்குள் தள்ளி, அதன் வாய் இடைவெளி சுமார் 0.3 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று தகடு விட்டுப் பார்த்தோம். பேரிங்குகளை உட்காரவைக்க ஹவில்தார் ஐயா சுத்தியல் எடுக்க விடவில்லை. அம்மாவின் விறகடுப்பில் எஞ்சின் உறையைச் சூடாக்கச் சொன்னார். சூட்டில் அலுமினியம் விரிந்ததும் பேரிங் தானாகவே உள்ளே இறங்கி அமர்ந்தது. “அடிக்கிறவன் மெக்கானிக் அல்ல, காத்திருக்கிறவன்தான் மெக்கானிக்” என்றார். பல்சக்கரங்களைப் புள்ளிக்குப் புள்ளி, கோட்டுக்குக் கோடு பொருத்தியபோது மூவரும் என் தோள்மேல் குனிந்து பார்த்தார்கள். அடுப்பில் சூடேறியிருந்த உறையைப் பார்த்து, “சமையலுக்கு நாளைக்காவது இடம் கிடைக்குமா?” என்று அம்மா கேட்டதும், பால்காரர் எங்கள் வீட்டில் முதன்முறையாகச் சிரித்தார்.

புனித வாரத்துப் புதன்கிழமை, வலப்பக்கத்து உறையை நான் தனியாக மூடினேன். புது எண்ணெய் ஊற்றி, வடிகட்டி அறையையும் நிரப்பி, பிளக்கைக் கழற்றிவிட்டு ஐம்பது முறை கிக்கரை மிதித்தேன். ஹெட்டுக்கு எண்ணெய் கொண்டுபோகும் குழாயின் திருகைச் சற்றுத் தளர்த்தினேன்; எண்ணெய் துளித்தது. மகிழ்ச்சியில் துள்ளினேன். பெஞ்சைத் துடைக்கும்போது ஒரு டப்பாவின் அடியில் ஏதோ கண்ணில் பட்டது. விரல் நகத்தைவிடச் சிறிய, புதிய கார்க் வளையம் ஒன்று. கடையில் வாங்கிய பேக்கிங் கட்டில் மிகுதியாக வந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அதை டப்பாவிலேயே விட்டேன்.

பெரிய வெள்ளியன்று எஞ்சினைத் தொடவில்லை. சனிக்கிழமை காலை பால்காரர் வந்தார். வந்ததும் டப்பாக்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தார். வளையத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, “இது எங்கே உட்காரும்?” என்று கேட்டார். மேலே எண்ணெய் வருகிறது, பார்த்துவிட்டேன் என்றேன். அவர் பொறுமையாக விளக்கினார்: புல்லட்டில் இரண்டு பம்புகள். ஒன்று தொட்டியின் எண்ணெயைக் கிராங்க் தண்டுக்குள் செலுத்தும். மற்றொன்று அடியில் வடிந்ததை இழுத்துத் தொட்டிக்கும் ஹெட்டுக்கும் திருப்பி அனுப்பும். உறையிலிருந்து கிராங்க் தண்டுக்குள் எண்ணெய் நுழையும் இடத்தை அடைப்பது இந்தக் கார்க் வளையம். இது இல்லாவிட்டால் எண்ணெய் வழியிலேயே ஒழுகி அடியில் சேரும். அங்கிருந்து இரண்டாம் பம்பு இழுத்து மேலே அனுப்பிவிடும். பார்க்கிறவனுக்கு எண்ணெய் ஓடுவதுபோலவே இருக்கும். உள்ளே பிக் எண்ட் மறுபடி வறண்டுபோகும்.

“போட்டீர்களா, போடவில்லையா?” என்று கேட்டார்.

அன்று மாலையே வண்டியைச் சாமியாரிடம் கொடுப்பதாக வாக்களித்திருந்தேன். ‘ஒன்று போட்டேன், இது மிகுதி’ என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. “தெரியாது அண்ணே. பழையது அழுக்கோடு எங்கோ போய்விட்டது. புதிது போட்ட நினைவில்லை. திறந்து பார்க்கிறேன்” என்றேன். உறையைத் திறந்தோம். வளையம் இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. பால்காரர் ஒன்றும் சொல்லாமல் வளையத்தை என் கையில் கொடுத்தார். “போடுங்க தம்பி” என்றார். வாத்தியார் என்ற சொல் போய்த் தம்பி வந்ததை நான் கவனித்தேன்.

மாலை ஐந்து மணிக்குத் தலைமைக் காவலர் தம் பங்கை நடத்தினார். “அம்மீட்டர் முள்ளைப் பார். மெல்ல மிதித்துக்கொண்டே வா. முள் நடுவுக்கு வந்ததும் நிறுத்து. டிகம்ப்ரஷரைப் பிடித்துக் கொஞ்சம் தாண்டவிடு. இப்போது முழு மனத்தோடு உதை. பாதி மனத்தோடு உதைத்தால் அது உன்னைத் திருப்பி உதைக்கும்” என்றார். மூன்றாம் உதையில் எஞ்சின் பிடித்தது. புகை விலகி, சீராகத் துடிக்கத் தொடங்கியது. காவலர் கண்ணை மூடி இரண்டு நிமிடம் கேட்டுவிட்டுத் தலையசைத்தார். பாஸ்கா நெருப்புக்கு விறகு அடுக்கிக்கொண்டிருந்த சாமியார், கோவில் முற்றத்திலிருந்து இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

உயிர்ப்பு ஞாயிறன்று கடைசிக் கிராமத்தில் பூசை. “நீ ஓட்டு. நான் பின்னால் உட்காருகிறேன்” என்றார் சாமியார். புது பிஸ்டன் பழகும்வரை, முதல் 500 கிலோமீட்டருக்கு நாற்பதுக்கு மேல் போகக்கூடாது என்பது பால்காரர் கட்டளை. மெல்லத்தான் போனோம். கிளம்பும் முன் எண்ணெய் பார்த்தேனா என்று சாமியார் கேட்கவில்லை. நான்தான் அளவுகோலைத் துடைத்து, விட்டு, எடுத்து அவரிடம் காட்டினேன்.

ஊர் எல்லையில் பால்காரர் தம் வீட்டு வாசலில் நின்றிருந்தார். வண்டியை நிறுத்தினேன். “கண்மாய்க்கு அந்தப் பக்கம் வரும்போதே சத்தம் கேட்டது” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. பூசை முடிந்ததும் மூவரும் கல்லறைக்குப் போனோம். சாமியார் செபம் சொன்னார். பால்காரர் இரண்டு மெழுகுதிரி கொண்டுவந்திருந்தார். ஒன்றை என்னிடம் கொடுத்தார்.

அந்த வார்ப்பிரும்பு எஞ்சின் இப்போது செய்யப்படுவதில்லை. சாமியாரும் ஹவில்தார் ஐயாவும் காவலரும் இறைவனடி சேர்ந்து பல ஆண்டுகளாகின்றன. பால்காரர் அண்ணன் தள்ளாத வயதில் மகன் வீட்டில் இருக்கிறார். கல்லறைத் திருநாளன்று நானும் அவரும் சேர்ந்தே அந்த மெழுகுதிரியை ஏற்றுகிறோம். அவர் என்னை மன்னித்ததாக ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. அவர் கையால் வாங்கிய கார்க் வளையமும் மெழுகுதிரியும் எனக்குப் போதும்.

வாசக அன்பர்களே, நம் இல்லங்களிலும் கழலாத நட்டுகள் உண்டு. அண்ணன் தம்பிக்கிடையே, மாமியார் மருமகளுக்கிடையே, பேச்சு நின்று ஆண்டுக் கணக்கான வீடுகள் உண்டு. பலமெல்லாம் கொடுத்துப் பார்த்தும் அசையவில்லை என்று நாம் சலித்துக்கொள்கிறோம். இத்தவக்காலத்தில், இன்னும் பலத்தைக் கூட்டுவதற்கு முன், எந்தப் பக்கம் திருப்பிக்கொண்டிருக்கிறோம் என்று ஒரு முறை பார்ப்போம். தெரியாவிட்டால் தெரிந்தவரைக் கேட்போம். நாம் யாருக்குத் தவறிழைத்தோமோ, பல வேளைகளில் அவருக்குத்தான் அது தெரிந்திருக்கிறது.